பச்சை மலைச் சீமையில் திப்புவின் கூடாரம்

மந்தைவெளி என்னும் பெயரை நாள்தோறும் பேருந்துகளின் நெற்றியில் படிக்கிறோம். மயிலாப்பூரின் கால்நடைகள் மேய்ந்த வெளி என்பதால் அப்பெயர் அமைந்தது என்பார்கள் பெரியவர்கள். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களும் பேருந்துப் பணிமனையும் பறக்கும் ரயிலின் தூண்களுமே கண்ணில் படுகின்றன. மந்தையும் வெளியும் இன்றும் ஒருங்கே வாழ்கின்ற ஒரு சீமைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பிரிட்டனின் மேற்குக் கரையில் உள்ள வேல்ஸ்தான் அது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குதான். மக்கள் தொகை ஏறத்தாழ 31 இலட்சம். செம்மறி ஆடுகளின் எண்ணிக்கையோ அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! மலைச் சரிவுகள் எங்கும் பச்சைக் கம்பளத்தில் வெண்முத்துகளைச் சிதறவிட்டாற்போல் ஆடுகள் மேய்கின்றன.

பசுமையைக் காண்பது மட்டுமே நோக்கமானால் நமக்கு உதகையும் வால்பாறையும் போதும். கடல் கடக்க வேண்டியதில்லை. நான் அழைப்பதற்குக் காரணம் வேறு. அந்த அமைதியான மலைநாட்டில் சென்னைப் பட்டணத்தின் சரித்திரம் புதைந்து கிடக்கிறது. நம் நாட்டுச் செல்வம் அங்கே கண்ணாடிப் பேழைகளுக்குள் மின்னிக்கொண்டிருக்கிறது. இலண்டன் சென்று கோபுரத்தையும் அரண்மனையையும் பார்த்துத் திரும்புகிற நம்மவர்களில் எத்தனை பேர் அதை அறிந்திருக்கிறோம்?

இரு பெயர் கொண்ட நாடு

இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறி, பர்மிங்ஹாமில் வண்டி மாறி, ஷ்ரூஸ்பரி வழியாகச் சென்றால் வெல்ஷ்பூல் என்னும் சிற்றூரை எய்தலாம். ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். நாங்கள் குடும்பத்துடன் சென்றது மே மாதத்தில். குட்டி ஈன்ற ஆடுகள் வேலியோரம் நின்று ரயிலை வேடிக்கை பார்த்தன. சாரல் மழை வருவதும் போவதுமாக இருந்தது. அந்நாட்டில் கோடையானாலும் குடையைக் கையோடு வைத்துக்கொள்வது நலம்.

ஷ்ரூஸ்பரி இங்கிலாந்து எல்லைக்குள் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகள் இரு மொழிகளில் பேசத் தொடங்குகின்றன. வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டைக் ‘கம்ரி’ என்கின்றனர். ‘ஒரே மண்ணின் மக்கள்’ என்னும் கருத்தில் பிறந்த சொல் அது. ‘வேல்ஸ்’ என்பதோ ஆங்கிலேயரின் முன்னோர் இட்ட பெயர். அதன் பொருள் ‘அந்நியர்’ என்பதாகும். பிறந்த மண்ணிலேயே அந்நியர் என்று அழைக்கப்பட்ட மக்களைப் பற்றி எண்ணிப் பாருங்கள்!

1282இல் அவர்களுடைய இளவரசர் லுவெலின் கொல்லப்பட்ட பின்னர் அந்நாடு ஆங்கில அரசரின் பிடிக்குள் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டுத் தண்டித்தார்கள். அத்தனையையும் தாங்கி அம்மொழி பிழைத்திருக்கிறது. 1982இல் அதற்கெனத் தனித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2011இல் சட்டப்படி அரசு மொழித் தகுதி கிடைத்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழி பேசுவதாகத் தெரிவித்துள்ளனர். நம் ழகரம் பிற மொழியாளரைத் திணற வைப்பதுபோல, அவர்களுடைய லகர ஒலி ஒன்று நம்மைத் திணற வைக்கிறது. நாக்கை மேலண்ணத்தில் பதித்து, இரு பக்கமும் காற்றை ஊதி ஒலிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பயணம் முழுவதும் அதைப் பழகிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனி நீங்கள் காணப்போகும் கோட்டையின் செல்வத்தைக் கண்டு உள்ளம் கொதிக்கும்போது, அந்தக் கொதிப்பை வழியில் புன்னகையோடு திசை காட்டும் ஆயர் மீது திருப்பிவிடலாகாது. அவருடைய முன்னோரும் ஆளப்பட்டவர்களே.

செந்நிறக் கோட்டை

வெல்ஷ்பூல் ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். நிலையத்திலிருந்து கடைவீதியைக் கடந்து சுமார் ஒரு மைல் நடந்தால், குன்றின் மேல் சிவந்த கல்லால் எழுந்து நிற்கும் போவிஸ் கோட்டையைக் காணலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் ஒருவர் எழுப்பியது. 1587 முதல் ஹெர்பர்ட் குடும்பத்தாரின் உடைமையாயிற்று. 1952 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. கோட்டைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டத்தில், மேகத்தைப் போல் கத்தரிக்கப்பட்ட பிரம்மாண்டமான மரவேலிகள் நிற்கின்றன. புல்வெளியில் மயில்கள் தோகையை இழுத்துக்கொண்டு நடக்கின்றன. நம் ஊர்ப் பறவையை அக்குளிரில் கண்டபோது உறவினரைக் கண்டாற்போலிருந்தது.

சென்னைக்கும் இக்கோட்டைக்கும் என்ன உறவு? கேளுங்கள்.

ராபர்ட் கிளைவ் 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்து இறங்கினார். 1751இல் ஆற்காட்டைப் பிடித்தார். 1753இல் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் மணம் முடித்தார். 1757இல் பிளாசிப் போரில் வங்காள நவாப் சிராஜுத்தவ்லாவை வீழ்த்தினார். பெருஞ்செல்வராய்த் தாயகம் திரும்பி, 1774இல் மறைந்தார். அவருடைய மகன் எட்வர்டு கிளைவ், போவிஸ் கோட்டையின் செல்வ மகள் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை 1784இல் மணந்தார். கிளைவின் பணமும் ஹெர்பர்ட்டின் கோட்டையும் அவ்வாறு ஒன்றாயின.

அந்த எட்வர்டு கிளைவ்தான் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். அவ்வைந்து ஆண்டுகளில் தென்னகத்தின் தலையெழுத்தே மாறிற்று. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வாளேந்திய நிலையில் ஷஹீதானார். அன்றிரவு அந்நகரம் சூறையாடப்பட்டது. அங்கே கைப்பற்றப்பட்ட கடிதங்களைக் காட்டி, ஆற்காட்டு நவாபும் திப்புவோடு தொடர்பு வைத்திருந்தார் என்று கம்பெனியார் குற்றம் சாட்டினர். 1801 ஜூலையில் நவாப் உம்தத்துல் உமரா மறைந்தார். கம்பெனியின் நிபந்தனையை அவருடைய மகன் ஏற்கவில்லை. எனவே அஸீமுத்தவ்லாவை நவாபாக அமர்த்தி, அம்மாத இறுதியிலேயே கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனி தன் கைக்கு எழுதி வாங்கிக்கொண்டது. நவாபுக்குப் பட்டமும் உதவித்தொகையும் மட்டுமே மிஞ்சின. சேப்பாக்கத்திலிருந்து வேலூர் வரையிலும் மதுரை வரையிலும் நம் முன்னோரின் வாழ்வைத் திருப்பிப் போட்ட ஒப்பந்தம் அது. அதை முடித்தவரின் குடும்பக் கோட்டையின் வாசலில்தான் நாம் நுழைவுச் சீட்டோடு நிற்கிறோம்.

கூடாரத்தின் முன்னே

கோட்டைக்குள் கிளைவ் காட்சியகம் 1987இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இக்கோட்டையில் உள்ளன. தந்தத்தில் செதுக்கியவை, வெள்ளி ஹுக்காக்கள், வாள்கள், கேடயங்கள், பட்டாடைகள் என்று நீள்கிறது வரிசை. சிராஜுத்தவ்லா பிளாசிக் களத்தில் விட்டுச் சென்றது என்று சொல்லப்படும் பல்லக்கு ஒன்று இருக்கிறது. திப்புவின் அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலைகளுள் ஒன்று, மாணிக்கமும் மரகதமும் பதித்து, உள்ளங்கையில் அடங்கும் அளவில் பளபளக்கிறது.

அனைத்துக்கும் மேலாக நம்மைக் கட்டி நிறுத்துவது திப்புவின் கூடாரம். வெண்ணிறப் பருத்தித் துணி; அதில் வளைவு வளைவாக வேலைப்பாடு; ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு பூச்சாடி, அதிலிருந்து எழும் செந்நிறப் பூக்களும் பச்சை இலைகளும். நம் நாட்டு நெசவாளியும் சாயத் தொழிலாளியும் சேர்ந்து உருவாக்கியது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகியும் சிவப்பு மங்கவில்லை. போர்க்களத்துக்குப் புறப்பட்ட ஒரு மன்னர், பகலெல்லாம் புழுதியில் குதிரையேறிவிட்டு, இரவில் ஒரு பூந்தோட்டத்தின் நடுவே அமர்ந்திருக்கும் உணர்வைப் பெறுவதற்காகச் செய்யப்பட்ட துணிமாளிகை! அதன் அடியில்தான் எத்தனை ஆலோசனைகள், எத்தனை தொழுகைகள் நிகழ்ந்திருக்கும்!

அத்தகைய கூடாரம், பின்னாளில் இக்கோட்டையின் புல்வெளியில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாக விரிக்கப்பட்டதாம். அதை அறிந்தபோது சற்று நேரம் பேச்சு எழவில்லை. உடன் நின்ற சிறுவன், “வாப்பா, இது நம்முடையதென்றால் இங்கே ஏன் இருக்கிறது?” என்றான். அறையில் இருந்த யாரும் அதைவிட நேரான கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

அன்பர்களே, இக்கேள்விக்கு விடை சொல்லும்போது நாம் நேர்மையோடு இருக்க வேண்டும். கொள்ளை கொள்ளைதான். அதற்கு நினைவுச் சின்னம் என்று பெயர் சூட்டினால் அதன் தன்மை மாறிவிடாது. ‘லூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் நாட்டிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றதுதானே! அதே வேளையில், துணி செல்லரிக்காமல், ஒளியால் வெளுக்காமல், மங்கிய விளக்கொளியில் அவர்கள் பாதுகாக்கும் பக்குவத்தையும் பாராட்டாமல் இருக்க முடியாது. பாதுகாப்பவருக்கு அதனால் உரிமை வந்துவிடுமா என்றால், வராது. அமானிதம் என்னும் சொல்லின் பொருளை அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பிறர் பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் அது பிறர் பொருளே. 2020இல் தேசிய அறக்கட்டளையே தன் மாளிகைகளுக்கும் காலனி ஆட்சிக்கும் அடிமை வணிகத்துக்கும் உள்ள தொடர்புகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. போவிஸ் கோட்டையும் அதில் இடம்பெற்றது. சொல்லத் தயங்கியதை வீட்டுக்காரரே சொல்லத் தொடங்கியிருப்பது நல்ல அடையாளம்.

ஹென்ரியட்டாவைப் பற்றியும் ஒரு சொல். அந்த அம்மையார் இந்தியாவில் பார்சி மொழி பயின்றவர். 1800 மார்ச்சில் தம் இரு பெண்மக்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு, யானைகளும் ஒட்டகங்களும் மாடுகளும் சுமை தூக்க, வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு திங்கள் சுற்றி வந்தார். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட அப்பயணத்தைத் தாயும் மகளும் எழுதி வைத்தார்கள். நம் ஊர்களைப் பற்றி அக்காலத்தில் ஒரு பெண் எழுதிய குறிப்புகள் அவை. ஆனால் அதே காலத்தில் அந்தப்புரத்தை இழந்து வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட திப்புவின் வீட்டுப் பெண்மணிகளின் பயணத்தை எழுத எவரும் இல்லை.

வானத்தில் ஓடும் படகு

மறுநாள் காரில் வடக்கே புறப்பட்டோம். ஒரு மணி நேரப் பயணத்தில் ரெக்ஸம் நகரை அடைந்துவிடலாம். அதற்குச் சற்று முன்னரே நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டீ என்னும் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் குறுக்கே, 18 கல் தூண்களின் மேல், இரும்புத் தொட்டியில் ஒரு கால்வாய் செல்கிறது. பெயர் பொன்ட்கசல்டி. தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியாளரின் பொறுப்பில் கட்டப்பட்டு 1805இல் திறக்கப்பட்டது. உயரம் 38 மீட்டர். நீளம் 300 மீட்டருக்கும் மேல். 2009இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்கள் அதன் அண்ணன் என்று இதைக் கருதலாம். ஒரு வேறுபாடு: இதில் தண்ணீரோடு படகும் செல்கிறது! படகின் ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் ஆறும் மரங்களின் உச்சியும்தான். நெஞ்சுரம் உள்ளவர்கள் படகில் செல்லலாம்; மற்றவர்கள் கைப்பிடியைப் பற்றி நடக்கலாம்.

சென்னை ஆளுநரின் கல்லறை

ரெக்ஸம் நகரின் புனித கைல்ஸ் தேவாலயக் கோபுரம் வேல்ஸின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகப் பேசப்படுவது. அதன் முற்றத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. உள்ளே உறங்குபவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். வேல்ஸ் குடும்பத்தில் தோன்றி, அமெரிக்காவின் பாஸ்டனில் 1649இல் பிறந்து, 1672இல் சென்னைக்கு வந்தார். கம்பெனி ஊழியத்தோடு சொந்த வணிகமும் நடத்திப் பெரும் பொருள் சேர்த்தார். சுயலாபக் குற்றச்சாட்டின் பேரில் பதவியிழந்தார். அவர் அதிகாரத்தில் இருந்த நாட்களில் சென்னைக் கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

1718இல், அமெரிக்காவில் வறுமையில் தவித்த ஒரு கல்லூரிக்கு அவர் ஒன்பது பொதி சரக்குகளும் 417 நூல்களும் அனுப்பினார். துணிமணிகள் நிறைந்த அப்பொதிகளை விற்று வந்தது 562 பவுன். அந்நன்றிக்காகக் கல்லூரி அவருடைய பெயரைச் சூடிற்று. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். சென்னையில் சேர்த்த செல்வம் எங்கெங்கே எவ்வெவ் வடிவில் முளைத்திருக்கிறது, பாருங்கள்!

1721இல் மறைந்த அவருடைய கல்லறைப் பாட்டு, அவர் நல்லதும் செய்தார், தீயதும் செய்தார் என்பதை மறைக்கவில்லை. அந்த இரண்டையும் நிறுக்கும் தராசு நம் கையில் இல்லை; மீஸான் தராசுக்குரியவனிடம் அதை விட்டுவிடுவோம். இந்த யேலுக்கு டேவிட் என்றொரு பிள்ளை இருந்தான். சென்னையிலேயே இளம் வயதில் இறந்தான். அவனுக்கு எழுப்பிய கூம்பு வடிவச் சமாதி, உயர் நீதிமன்றத்தை அடுத்த சட்டக் கல்லூரி வளாகத்தில் அமைந்தது. தந்தை வேல்ஸ் மழையில். மகன் சென்னை வெயிலில். செல்வம் கப்பலேறியது, குழந்தை இங்கேயே தங்கிவிட்டது.

தேவாலயத்தில் நீல ஓடுகள்

மூன்றாம் நாள் ஆங்கிள்சீ தீவுக்குச் சென்றோம். ரெக்ஸத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஒருபுறம் கடல், மறுபுறம் மலை. தீவையும் நிலத்தையும் இணைக்கும் மெனாய் தொங்குபாலமும் டெல்ஃபோர்டு கட்டியதே, ஆண்டு 1826. தீவின் வடகோடியில், கடலைப் பார்த்த பாறை விளிம்பில், லான்பாட்ரிக் என்னும் சிறு தேவாலயம் தனித்து நிற்கிறது. உள்ளே நுழைந்தவர் வியந்து நிற்பார். சுவரில் நீல ஓடுகள். சாளரங்களில் உருவங்கள் இல்லை. கோடும் கட்டமுமாய் வண்ணக் கண்ணாடிகள். தேவாலயத்தில் நம் பள்ளிவாசலின் சாயல்!

1884இல் இதைப் பழுது பார்த்துக் கொடுத்தவர் ஆல்டர்லீ பிரபு ஹென்றி ஸ்டான்லி. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். 1869இல் தந்தையின் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் முஸ்லிம் உறுப்பினர். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்குத் தாய்மாமன். தம் நிலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவக் குடியானவர்களின் வழிபாட்டிடம் இடிந்து கிடந்தபோது, தம் பொருளைச் செலவிட்டுச் சீர்செய்தார். 1903இல் மறைந்து, முஸ்லிம் முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டார். பிறர் செல்வத்தை அள்ளி வந்தவர்களின் சுவடுகளைக் கண்டு களைத்த மனத்துக்கு, தம் செல்வத்தைப் பிறர்க்கு ஈந்த ஒருவரின் சுவடு ஆறுதலாயிருந்தது. கடற்காற்று வீசும் புல்தரையில் அஸரைத் தொழுதோம். சென்னையில் மேற்கு நோக்கித் தொழும் நமக்கு அங்கே கிப்லா தென்கிழக்கு. ஆடுகள் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

மே முதல் ஆகஸ்டு வரை பகல் மிக நீளம். மஃரிப் இரவு ஒன்பதை ஒட்டியும், ஜூனில் ஒன்பதரையை ஒட்டியும் வரும். இஷா இன்னும் தள்ளிப்போகும். பிள்ளைகளின் உறக்கத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். சிற்றூர்களில் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. மீன், முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக்கொண்டு மூன்று நாட்களை எளிதாக ஓட்டிவிடலாம். மீனைப் பொரிக்கும் எண்ணெய் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டையின் அறைகள் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள்.

வேல்ஸுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. அதனால் இக்கதையின் மறுபாதியைக் காணாமல் இருக்க வேண்டியதில்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையம் தொலைவில்லை. கிளைவ் மணம் முடித்த தேவாலயமும், அவர் வாழ்ந்த மாளிகையும் அங்கே உள்ளன. திருவல்லிக்கேணியில் 1795ஆம் ஆண்டின் வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. வேலூரில் கோட்டையைப் பார்த்துத் திரும்புவோர் பலர். அதற்குச் சற்றுத் தொலைவில் திப்புவின் குடும்பத்தார் அடக்கமாகியுள்ள இடத்தைத் தேடிச் செல்வோர் சிலரே. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸில் தாய் தந்தையர் அருகே திப்பு உறங்குகிறார்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடாரம் எங்கே இருக்கிறது என்பதையும், எப்படி அங்கே போயிற்று என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நாளை அவர்களில் ஒருவர் மேற்படிப்புக்காக அந்நாட்டுக்குச் செல்லக்கூடும். அப்போது போவிஸ் கோட்டையின் அந்த அறையில், வெண்துணியில் பூத்த செந்நிறப் பூக்களின் முன்னே, யாருடையது என்று தெரிந்தவராக நிற்கட்டும்.